மேசைக்கு அடியில் ஒளிந்துகொள்ளும் தத்து நாய்: முதல் வாரங்களில் என்ன செய்வது?

கேள்வி: காப்பகத்திலிருந்து ஏறத்தாழ 2 வயது நாயைத் தத்தெடுத்து 5 நாள் ஆகிறது. பகலெல்லாம் மேசைக்கு அடியிலேயே கிடக்கிறது. எல்லாரும் தூங்கிய பிறகுதான் சாப்பிடுகிறது. வெளியே கூட்டிப்போனால் சிறுநீர் போகாமல் திரும்பி வந்து கூடத்தில் போய்விடுகிறது. கழுத்துப்பட்டையைப் பிடித்து வெளியே இழுத்தபோது உறுமியது. "இப்போதே யார் எஜமான் என்று காட்டாவிட்டால் தலைக்கு மேல் ஏறிவிடும்" என்கிறார்கள் வீட்டில். என்ன செய்வது?

பதில்:

நீங்கள் எழுதியிருக்கும் நான்கும் ஒரே விஷயத்தின் நான்கு முகங்கள்: பயம். இவற்றில் அடங்காமை எதுவும் இல்லை. பயந்து கிடக்கும் நாய்க்குப் பாடம் ஏறாது. உடம்பு முழுக்கத் தப்பிக்கும் வழியைத் தேடிக்கொண்டிருக்கும்போது "உட்கார்" என்ற சொல் அதன் காதில் விழுவதே கடினம். அதனால் இப்போதைக்குக் கட்டளைப் பயிற்சியை ஓரமாக வைத்துவிடுங்கள். இந்த வீட்டில் தனக்கு ஆபத்து இல்லை, வேண்டாம் என்றால் விலகிப் போகலாம் என்று அது தெரிந்துகொள்வதுதான் முதல் பயிற்சி. மற்றதெல்லாம் அதன்மேல்தான் நிற்கும்.

5 நாள் என்பது மிகக் குறைவு. நாய்களை மீட்பவர்களிடையே 3 நாள், 3 வாரம், 3 மாதம் என்று ஒரு கணக்கு உண்டு. முதல் 3 நாள் திகைப்பு, 3 வாரத்தில் வீட்டின் ஒழுங்கு பிடிபடும், 3 மாதத்தில் நாயின் உண்மையான குணம் வெளியே வரும். இது அனுபவத்தில் வந்த தோராயம்தான். அதிகம் அடிபட்ட நாய்க்கு ஒரு வருடம்கூட ஆகலாம். இன்னொன்றும் நினைவில் இருக்கட்டும்: பல நாய்கள் முதல் இரண்டு மூன்று வாரம் சாதுவாக இருந்துவிட்டு, அதன் பிறகே குரைப்பதும் இழுப்பதும் ஆரம்பிக்கும். அது கெட்டுப்போனதன் அடையாளமில்லை. அடங்கி ஒடுங்கிக் கிடந்த உடம்பு இப்போதுதான் தளர்கிறது.

மேசைக்கு அடி அதன் இடம். அதை அப்படியே விட்டுக்கொடுங்கள். ஒரு மெத்தையோ பழைய போர்வையோ உள்ளே தள்ளி வையுங்கள். மூன்று பக்கமும் துணி தொங்கவிட்டால் இன்னும் நல்லது. தண்ணீர்க் கிண்ணம் ஓரிரு அடி தூரத்தில் இருக்கட்டும். அங்கே யாரும் கையை நுழைக்கக் கூடாது, குனிந்து எட்டிப் பார்க்கக் கூடாது. வீட்டுக்கு இது ஒரு சட்டம். உறவினர் நண்பர்களைக் கூப்பிட்டு நாயைக் காட்டுவதை இரண்டு வாரம் தள்ளிப்போடுங்கள். குளிப்பாட்டுவது, நகம் வெட்டுவது எல்லாம் பிறகு. வளர்ந்த நாய் ஒரு நாளில் 12 முதல் 14 மணி நேரம் தூங்கும். புது இடத்தில் உங்கள் நாய் அநேகமாக அந்த அளவு தூங்கியிருக்காது. தூக்கம் கெட்ட நாய் சின்னச் சத்தத்துக்கும் அதிரும், அதனால் அமைதியான மூலை மருந்துக்குச் சமம்.

அடுத்தது, வெளியே வரவைப்பது. பெரும்பாலோர் கையில் உணவை வைத்து நீட்டுவார்கள். அதில் ஒரு சிக்கல் இருக்கிறது. நாய்க்கு உணவு வேண்டும், கை வேண்டாம். ஆசையில் கழுத்தை நீட்டிக்கொண்டு நெருங்கி வரும், பின்னங்கால்கள் மட்டும் பின்னாலேயே நிற்கும். உணவு வாய்க்குள் போன மறுகணம் தான் எவ்வளவு நெருங்கி வந்துவிட்டோம் என்பது உறைத்து, பதறிப் பின்வாங்கும், அல்லது கையைக் கவ்வும். இப்படிக் கூப்பிட்டுக் கூப்பிட்டுக் கடிபட்டவர்கள் நிறைய.

மாற்று வழி இது. மேசையிலிருந்து 2 மீட்டர் தள்ளித் தரையில் பக்கவாட்டில் திரும்பி உட்காருங்கள். கண்ணைப் பார்க்காதீர்கள், பேசவும் வேண்டாம். பட்டாணி அளவுத் துண்டு ஒன்றை (உப்பு போடாமல் வேகவைத்த, எலும்பில்லாத கோழி இறைச்சி பெரும்பாலான நாய்களுக்குப் பிடிக்கும்) நாய்க்குப் பக்கத்தில் விழும்படி மெதுவாக உருட்டிவிடுங்கள். தின்றால், அடுத்த துண்டை நாய்க்குப் பின்னால், உங்களிடமிருந்து இன்னும் விலகிய இடத்தில் போடுங்கள். அது திரும்பிப் போய்த் தின்னும். பிறகு தானாகவே உங்கள் பக்கம் திரும்பிப் பார்க்கும். அப்போது ஒரு துண்டைச் சற்று முன்னால் போடுங்கள், அடுத்ததை மறுபடியும் பின்னால். தூரம் கூடும்போதும் பரிசு கிடைக்கிறது என்பதால் நாய்க்குள் இழுபறி இல்லை. 5 நிமிடம் செய்துவிட்டு எழுந்து போய்விடுங்கள், நாய் இன்னும் ஆர்வத்தோடு பார்த்துக்கொண்டிருக்கும்போதே. ஒரு நாளில் மூன்று நான்கு முறை போதும். சில நாளில் முழங்கால் வரை வந்து மோந்து பார்க்கும். அந்த நேரத்தில் தடவத் தோன்றும், கையை நீட்டாதீர்கள். அது மோந்துவிட்டுப் பத்திரமாகத் திரும்பிப் போக முடிந்தது என்பதுதான் அடுத்த முறை அதைத் திரும்ப வரவைக்கும்.

தடவுவதற்கு எளிய சோதனை உண்டு. நாயே வந்து பக்கத்தில் நின்றால் மார்பிலோ தோள்பக்கமோ 3 விநாடி தடவிவிட்டுக் கையை எடுத்துவிடுங்கள். மேலும் நெருங்கி வந்து சாய்ந்தால் தொடரலாம். அசையாமல் நின்றாலோ, தலையைத் திருப்பினாலோ, மூக்கை நக்கினாலோ, இன்றைக்கு இவ்வளவுதான். தலைக்கு மேலிருந்து கை இறங்குவதை அநேகமாக எந்தப் புது நாயும் விரும்பாது.

இப்போது அந்த உறுமலுக்கு வருவோம், ஏனென்றால் அதிகம் தவறு நடப்பது இங்கேதான். உறுமியதற்காகத் தயவுசெய்து நாயைத் திட்டாதீர்கள். உறுமல் எச்சரிக்கை. "எனக்குத் தாங்கவில்லை, விலகு" என்று கடிக்காமல் சொல்ல நாயிடம் இருக்கும் வழி அது. அதைத் தண்டித்தால் பயம் குறையாது, எச்சரிக்கை மட்டும் மறையும். பிறகு ஒருநாள் "முன்னறிவிப்பே இல்லாமல் கடித்துவிட்டது" என்று எல்லாரும் சொல்வார்கள். உறுமினால் செய்ய வேண்டியது ஒன்றே: அசைவை நிறுத்தி, மெதுவாகப் பின்வாங்கி, அது எதற்காக உறுமியது என்று குறித்துக்கொள்வது. "விட்டுக்கொடுத்தால் உறுமிக் காரியம் சாதிக்கப் பழகிவிடுமே" என்ற கவலை நியாயமானதுதான். ஆனால் உறுமத் தேவையே இல்லாதபடி நாம் முன்கூட்டியே நடந்துகொண்டால் உறுமல் தானே அரிதாகும்.

உறுமலுக்கு முன்பே நாய் பலமுறை சொல்லியிருக்கும். தூக்கம் வராத நேரத்துக் கொட்டாவி, உணவில்லாத போது மூக்கை நக்குதல், முகத்தைத் திருப்பிக்கொள்ளுதல், முன்னங்காலை லேசாகத் தூக்கி நிற்றல், காதுகள் பின்னால் ஒட்டுதல், கண்ணின் வெள்ளை பிறை போலத் தெரிதல், கடைசியாக உடம்பு அப்படியே உறைந்து நிற்றல். உறைந்து நிற்பதைத்தான் மக்கள் அதிகம் தவறாகப் படிக்கிறார்கள். "பாருங்கள், எவ்வளவு அமைதியாக நிற்கிறது" என்பார்கள். தளர்ந்த உடம்பும் அசைவற்ற உடம்பும் ஒன்றில்லை. வாய் லேசாகத் திறந்து, வாலும் இடுப்பும் சேர்ந்து ஆடி, கண்கள் சுருங்கியிருந்தால் தளர்வு. வாய் இறுக மூடி, மூச்சு அடங்கி நின்றால் ஆபத்து.

"எஜமான் யார் என்று காட்டு" என்ற யோசனையை வீட்டில் சொல்பவர்களைக் குறை சொல்ல முடியாது. பல பத்தாண்டுகள் அதுதான் பாடமாக இருந்தது. அதன் வேர், கூண்டில் அடைத்துவைத்த ஓநாய்களைப் பார்த்து ருடால்ஃப் ஷெங்கெல் 1947இல் எழுதிய ஆய்வு. ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத ஓநாய்களை ஒரே அடைப்பில் போட்டதால் அவை சண்டையிட்டன. மற்றவற்றை அடக்குவதே தலைவன் என்ற எண்ணம் அங்கிருந்து வந்தது. இயற்கையில் வாழும் ஓநாய்களைப் பல ஆண்டுகள் கவனித்த டேவிட் மெக், ஓநாய்க் கூட்டம் என்பது பெரும்பாலும் தாய் தந்தையும் அவற்றின் குட்டிகளும் சேர்ந்த குடும்பம்தான் என்று 1999இல் எழுதினார். நாயோ ஓநாயும் இல்லை. 2020இல் போர்த்துகலில் 92 வீட்டு நாய்களை வைத்து நடந்த ஆய்வில், அதட்டல், இழுப்பு, மின்னதிர்ச்சி போன்றவற்றைக் கொண்டு பழக்கும் பள்ளிகளின் நாய்கள் பயிற்சியின்போது மன அழுத்த அறிகுறிகளை அதிகம் காட்டின. பயிற்சிக்குப் பின் எச்சிலில் கார்ட்டிசால் (மன அழுத்தத்தில் கூடும் ஹார்மோன்) ஏற்றமும் கூடுதலாக இருந்தது. விலங்கு நடத்தையியலில் ஈடுபாடுள்ள அமெரிக்கக் கால்நடை மருத்துவர்களின் சங்கமும் எல்லா நாய்களுக்கும் பரிசுவழிப் பயிற்சியையே 2021 அறிக்கையில் பரிந்துரைத்தது. மல்லாக்கத் தள்ளி அழுத்துவது, பிடரியைப் பிடித்து உலுக்குவது, முள்பட்டை, அதிர்ச்சிப் பட்டை எதுவும் வேண்டாம். பயந்த நாயிடம் இவற்றைப் பயன்படுத்தினால் பயத்துக்கு ஒரு முகவரி கிடைக்கும். அந்த முகவரி நீங்கள்.

இரவில் மட்டும் சாப்பிடுவதைப் பற்றிக் கவலை வேண்டாம். சாப்பிடுகிறது என்பதே நல்ல செய்தி. காப்பகத்தில் என்ன கொடுத்தார்களோ அதையே முதல் வாரம் தொடருங்கள். மாற்ற வேண்டுமானால் 7 முதல் 10 நாள் எடுத்துக்கொண்டு கால் பங்கு, அரைப் பங்கு, முக்கால் பங்கு என்று கலந்து மாற்றுங்கள். சட்டென்று மாற்றினால் வயிற்றுப்போக்கு வரலாம், அப்புறம் வீட்டுக்குள் அசுத்தம் செய்வது பழக்கத்தாலா வயிற்றாலா என்று பிரித்தறிய முடியாது. பயிற்சித் துண்டுகள் ஒரு நாள் உணவின் கலோரியில் 10 சதவீதத்தைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தாண்டினால் வேளை உணவிலிருந்தே எடுத்துக் கொடுக்கலாம். சாக்லேட், திராட்சை, வெங்காயம், சைலிட்டால் சேர்த்த சர்க்கரையில்லா மிட்டாய் இவையெல்லாம் நாய்க்கு நஞ்சு.

சிறுநீர் விஷயத்தில் காரணம் எளிது. வெளியே இருப்பதெல்லாம் புதுச் சத்தம், புது மணம். பயத்தில் அடக்கிக்கொள்கிறது, வீட்டுக்குள் வந்ததும் உடம்பு தளர்கிறது. அதனால் வெளியே எப்போதும் ஒரே மூலைக்கு, ஆள் நடமாட்டம் குறைந்த நேரத்தில் கூட்டிப்போங்கள். தூங்கி எழுந்ததும், சாப்பிட்டுப் பத்து இருபது நிமிடத்திலும், இல்லையென்றால் இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறையும். கயிற்றைத் தளர்வாக விட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு 10 நிமிடம் மரம்போல நில்லுங்கள். போனால், போய் முடித்த அந்த விநாடியிலேயே அங்கேயே பரிசு. வீட்டுக்கு வந்து கொடுத்தால் வீட்டுக்கு வந்ததற்கான பரிசாகத்தான் நாய் எடுத்துக்கொள்ளும். உள்ளே போய்விட்டால் சத்தமில்லாமல் துடையுங்கள். நொதி கலந்த துப்புரவுத் திரவம் மணத்தை அடியோடு எடுக்கும். அம்மோனியா உள்ளதைத் தவிர்க்கவும், அதில் சிறுநீரை ஒத்த வாடை உண்டு. மூக்கைத் தேய்ப்பது, அதட்டுவது போன்றவற்றால் நாய் கற்றுக்கொள்வது ஒன்றுதான்: மனிதர் கண்ணெதிரே சிறுநீர் போகக் கூடாது. பிறகு வெளியே உங்கள் கண்முன் போகவே போகாது. 24 மணி நேரம் ஒரு சொட்டும் போகாவிட்டாலோ, முக்கி முக்கி வராவிட்டாலோ உடனே மருத்துவரிடம் போங்கள்.

மருத்துவரை எப்படியும் முதல் ஓரிரு வாரத்துக்குள் பார்த்துவிட வேண்டும். தடுப்பூசி, குடற்புழு, உண்ணி மட்டும் அல்ல, வலி இருக்கிறதா என்று கேளுங்கள். காது, பல், இடுப்பு மூட்டு இவற்றில் வலியுள்ள நாய் தொட்டால் உறுமும். கழுத்துப்பட்டையைப் பிடித்ததும் உறுமியதற்கு அதுவும் காரணமாக இருக்கலாம். எத்தனை பயிற்சி கொடுத்தாலும் வலி தீராமல் அந்த உறுமல் தீராது. 48 மணி நேரம் எதுவுமே சாப்பிடாவிட்டாலும், வாந்தி அல்லது வயிற்றுப்போக்கு சேர்ந்தால் அதற்கு முன்பே, காட்டுங்கள்.

தப்பி ஓடும் ஆபத்து முதல் வாரங்களில்தான் மிக அதிகம். பயந்த நாய் கழுத்துப்பட்டையிலிருந்து பின்புறமாக உருவிக்கொண்டு ஓடிவிடும். மார்பையும் வயிற்றையும் சுற்றும் ஹார்னெஸ் ஒன்று, கழுத்துப்பட்டை ஒன்று, இரண்டிலும் தனித்தனிக் கயிறு. பட்டைக்கும் உடம்புக்கும் நடுவே இரண்டு விரல் நுழையும் இறுக்கம் போதும். தொலைபேசி எண் பொறித்த வில்லையை வீட்டுக்குள்ளும் கழற்ற வேண்டாம். தோலுக்கு அடியில் வைக்கும் அடையாள மைக்ரோசிப் இருந்தால் அதில் உங்கள் எண் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். பழைய எண்ணே கிடப்பது மிகச் சாதாரணம். வாசற்கதவைத் திறக்கும் முன் உள்கதவு மூடியிருக்க வேண்டும். அப்படியும் ஓடிவிட்டால் துரத்தாதீர்கள், பெயர் சொல்லிக் கத்தாதீர்கள். கண்ணுக்குத் தெரிந்தால் பக்கவாட்டில் திரும்பித் தரையில் உட்கார்ந்து உணவைச் சுற்றிலும் சிதறவிடுங்கள். தெரியாவிட்டால் கடைசியாகப் பார்த்த இடத்தில் அதன் போர்வையையும் உணவையும் வைத்துவிட்டு, ஆள் அரவம் அடங்கும் இரவிலும் விடியலிலும் அங்கே காத்திருங்கள்.

நாய் வெளியே வந்து உங்கள் பக்கத்தில் சாப்பிட ஆரம்பித்த பிறகு கற்பிக்கத் தொடங்கலாம். முதலில் பெயர்: சாதாரணக் குரலில் ஒருமுறை சொல்லுங்கள், ஒரு விநாடிக்குள் துண்டு கொடுங்கள். அது பார்த்ததா இல்லையா என்பது ஆரம்பத்தில் முக்கியமில்லை. பத்து முறை, நாளுக்கு இரண்டு வேளை. அந்தப் பெயரைச் சொல்லித் திட்டவோ, குளியலுக்கோ மருந்துக்கோ கூப்பிடவோ கூடாது. அதற்கு நீங்களே எழுந்து போங்கள். பிறகு "சரி" போன்ற ஒரு குறிச்சொல். நாய் நல்லது செய்த நொடியில் சொல், உடனே துண்டு. அடுத்து, விரித்த கையை மூக்கிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பக்கவாட்டில் காட்டுங்கள். மூக்கால் தொட்டால் "சரி", துண்டு. இந்த ஒரு பழக்கம் வந்துவிட்டால் கழுத்துப்பட்டையைப் பிடித்து இழுக்கும் தேவையே இருக்காது. சோபாவிலிருந்து இறக்கவும், கதவுப் பக்கம் கூட்டிவரவும் கையைக் காட்டினால் போதும். ஒரு அமர்வு 3 நிமிடத்துக்கு மேல் வேண்டாம்.

குறிப்பிட்ட பொருளுக்குப் பயந்தால், துடைப்பம் என்று வைத்துக்கொள்வோம், தூரமும் வரிசையும்தான் எல்லாம். நாய் பார்க்கிறது, ஆனால் உடம்பு இறுகவில்லை, உணவை மென்மையாக வாங்குகிறது: அந்த அளவு தள்ளித் தொடங்குங்கள், சில நாய்க்கு 5 மீட்டர், சிலவற்றுக்கு அடுத்த அறை. முதலில் துடைப்பம் தெரிய வேண்டும், அடுத்த விநாடி உணவு வர வேண்டும், துடைப்பம் மறைந்ததும் உணவு நிற்க வேண்டும். வரிசையை மாற்றி உணவை முதலில் காட்டினால் விபரீதம். உணவு வந்தாலே பின்னால் ஏதோ பயங்கரம் வருகிறது என்று கற்று, கோழியைக் கண்டாலே ஓடும். துடைப்பத்தைப் பார்த்ததும் "எங்கே என் துண்டு?" என்று உங்கள் முகத்தைத் திரும்பிப் பார்க்கத் தொடங்கினால் மட்டுமே அரை மீட்டர் குறையுங்கள். கொடுத்த துண்டை வாங்க மறுத்தாலோ, விரலோடு சேர்த்துப் பறித்தாலோ, நீங்கள் மிக நெருங்கிவிட்டீர்கள். ஒரே நாளில் மருத்துவர், விருந்தாளி, இடிச் சத்தம் என்று பல பயங்கள் குவிந்திருந்தால் அன்றைக்கு விட்டுவிடுங்கள். நேற்று 2 மீட்டரில் தாங்கியதை இன்று 6 மீட்டரில் தாங்காது. குட்டிகள் உலகத்தை எளிதாக ஏற்கும் காலம் பிறந்த 3 முதல் 14 வாரம் வரை. அதில் மனிதரைப் பார்க்காமல் வளர்ந்த நாய்க்குச் சில பயங்கள் குறையும், முழுதாகப் போகாது. அதற்காக அதன் வாழ்க்கை குறைவானது என்று நினைத்துவிடாதீர்கள்.

தனியாக விடுவதை இப்போதே சின்னதாகத் தொடங்குங்கள். கதவுவரை போய்த் திரும்புவது, பிறகு 5 விநாடி வெளியே, பிறகு 20, பிறகு ஒரு நிமிடம். கைபேசிக் கேமராவை ஓடவிட்டுப் பாருங்கள். மூச்சிரைப்பு, நடைபோடுதல், ஊளை பெரும்பாலும் முதல் அரைமணிக்குள் தெரிந்துவிடும். தெரிந்தால் நேரத்தைக் குறையுங்கள். "அழுது அழுது பழகிவிடும்" என்பது நடப்பதில்லை. கூண்டில் பூட்டினால் பல்லும் நகமும் உடையும் அளவுக்குப் போராடும் நாய்கள் உண்டு.

சாப்பிடும் கிண்ணத்தில் கைவிட்டுப் "பழக்க" வேண்டாம். தள்ளி நடந்துபோகும்போது இன்னும் ருசியான துண்டு ஒன்றைக் கிண்ணத்தின் பக்கம் போட்டுவிட்டுப் போய்க்கொண்டே இருங்கள். குழந்தைகள் இருந்தால் தூங்கும் நாய், தின்னும் நாய், மேசைக்கு அடியில் இருக்கும் நாய் மூன்றையும் தொடவே கூடாது, கட்டிப்பிடிக்கக் கூடாது, பெரியவர் இல்லாமல் ஒரே அறையில் விடவும் கூடாது. வீட்டில் வேறு நாய் இருந்தால் முதல் சந்திப்பு வெளியே, 10 மீட்டர் இடைவெளியில் ஒரே திசையில் சேர்ந்து நடப்பதாக இருக்கட்டும்.

ஒரு மாதம் கழித்தும் வெளியே வராமல், எடை குறைந்துகொண்டே போனால், அல்லது பல் பட்டுத் தோல் கிழிந்தால், நடத்தையியல் தெரிந்த கால்நடை மருத்துவரைப் பாருங்கள். ஃப்ளூவாக்ஸெடின் போன்ற, பதற்றத்தைக் குறைக்கும் மருந்துகள் பலன்தர 4 முதல் 6 வாரம் ஆகும். பயிற்சியோடு சேர்ந்துதான் வேலை செய்யும். மருந்தைத் தோல்வி என்று நினைக்காதீர்கள். பயிற்சியாளரை வைப்பதானால் பணம் கொடுக்கும் முன் இரண்டு கேள்வி: நாய் சரியாகச் செய்தால் அதற்கு என்ன கிடைக்கும்? தவறாகச் செய்தால் அதற்கு என்ன நடக்கும்? இரண்டாவது கேள்விக்குச் "சின்னதாக ஒரு இழுப்பு" என்று பதில் வந்தால் வேறு ஆளைத் தேடுங்கள்.